ஆட்டுப்பட்டியில் குடற்புழு மருந்து பலிக்காமல் போகும்போது

ஐப்பசி மழை பிடித்து மூன்று நான்கு வாரங்கள் ஆனதும், செம்மறியாட்டின் தாடைக்குக் கீழே நீர் கோத்து ஒரு பை போலத் தொங்குவதையும், மாலையில் பட்டி திரும்பும்போது அந்த ஆடு மந்தைக்குப் பின்னால் கால் இழுத்து வருவதையும் ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உடனே குடற்புழு மருந்து வாங்கி வந்து பட்டி முழுவதற்கும் ஊற்றுவது வழக்கம். பத்து நாள் கழித்தும் வீக்கம் வற்றாமல், இரண்டு ஆடுகள் செத்தும் போனால், மருந்து போலி என்றோ கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ முதலில் தோன்றும். சில சமயம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பல பட்டிகளில் மருந்து நல்ல மருந்துதான். அதற்குச் சாகாத புழுக்களை நாமே ஆண்டுக்கணக்கில் பொறுக்கி வளர்த்துவிட்டோம் என்பதுதான் காரணம். அந்தப் பொறுக்கல் எப்படி நடக்கிறது, அதைத் தள்ளிப்போட ஒரு பட்டியில் என்னென்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எந்தப் புழு

ஆட்டின் வயிற்றில் பல வகைப் புழுக்கள் இருந்தாலும், தமிழ்நாடு போன்ற வெப்பமும் ஈரமும் கலந்த நிலங்களில் உயிரைக் குடிப்பது ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்னும் உருண்டைப் புழு. ஆட்டின் நான்காம் வயிற்றில், அதாவது உண்மையான இரைப்பையில், ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். செத்த ஆட்டை அறுத்து அந்த வயிற்றைத் திறந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், வெள்ளையும் சிவப்பும் முறுக்கிய நூல் போல நெளிவதைக் கண்ணாலேயே காணலாம். சிவப்பு அது குடித்த இரத்தம், வெள்ளை அதன் கருப்பை. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.லி. இரத்தத்தை வீணாக்குகிறது. ஆயிரம் புழு இருக்கும் ஆடு நாளுக்கு 50 மி.லி. இரத்தம் இழக்கிறது என்றால், வெளிறிய கண்ணும் தாடை வீக்கமும் ஏன் வருகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

புழுக்கையில் அரிசி போல வெள்ளைத் துணுக்குகள் தெரிகின்றன என்று பதறிப்போய் மருந்து ஊற்றுபவர்கள் நிறைய. அவை நாடாப்புழுவின் துண்டுகள். பெரும்பாலும் அவற்றால் பெரிய கேடு இல்லை. கொல்லும் புழுவின் முட்டையோ நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது. கண்ணில் படுவதற்கு மருந்து கொடுத்துவிட்டுக் கண்ணில் படாததை வளர்ப்பது இந்தத் துறையின் பழைய தவறு.

ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். அவை புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் பொரித்து, தொற்றும் பருவத்துக்கு வளர்ந்த நுண்புழுக்களாகிப் புல்லின் மேல் படியும் பனிநீரில் ஏறி நிற்கும். ஆடு புல்லோடு அவற்றை மேய்ந்த பின் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அவையே முட்டையிடத் தொடங்கும். ஆக, மழைக்காலத்தில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும். இத்தனை முட்டை, இத்தனை வேகம் என்பதால்தான் இந்தப் புழு மற்றப் புழுக்களைவிட விரைவாக மருந்துக்கு ஈடுகொடுத்துவிடுகிறது.

எதிர்ப்புத்திறன் வரும் வழி

மருந்து புழுவை மாற்றுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். மருந்தைத் தொடர்ந்து குடித்துப் புழுவுக்குப் பழகிப்போயிற்று என்று சொல்வது வழக்கம், அது சரியல்ல. கோடிக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டுக்கு, மருந்து எதைப் பிடித்துக் கொல்லுமோ அந்த இடம் பிறவியிலேயே சற்று மாறி அமைந்திருக்கும். ஆல்பெண்டசோல், பென்பெண்டசோல் போன்றவை புழுவின் உடலில் பீட்டா டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றி அதன் உயிரணுக்களின் உட்கட்டமைப்பைக் குலைக்கின்றன. அந்தப் புரதத்தின் 200-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தாலும் மருந்தால் பற்ற முடியாது. 167, 198 ஆகிய இடங்களில் வரும் மாற்றங்களும் அப்படியே. மருந்து ஊற்றிய அன்று மற்றவை செத்து, இந்த ஒன்றிரண்டு மட்டும் பிழைக்கின்றன. அதன் பின் மூன்று வாரத்துக்கு அந்த ஆட்டின் வயிற்றிலிருந்து வெளியேறும் முட்டை அனைத்தும் பிழைத்தவற்றின் பிள்ளைகள்.

எளிமையாக்கிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஆடுள்ள மந்தையில் மொத்தம் 10,000 புழுக்கள், அவற்றில் மருந்துக்குச் சாகாதவை 10 மட்டும், அதாவது ஆயிரத்தில் ஒன்று, என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால் 9,990 சாகும்; மீதி 10-ம் சாகாத வகை. மேய்ச்சல் நிலத்தில் வேறு நுண்புழு இல்லையென்றால் அடுத்த தலைமுறை முழுவதும் இந்தப் பத்தின் வாரிசு. இப்போது இன்னொரு விதமாகச் செய்வோம். எந்த மந்தையிலும் புழுக்கள் எல்லா ஆட்டிலும் சமமாக இருப்பதில்லை. கால்வாசி ஆடுகளில்தான் ஏறத்தாழ 80 விழுக்காடு புழு குவிந்திருக்கும். மோசமான அந்த 25 ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் 8,000 புழுக்களில் 8 தவிர எல்லாம் சாகும். மற்ற 75 ஆடுகளில் இருக்கும் 2,000 புழுக்கள் மருந்தையே பாராதவை. இப்போது மந்தையில் மீதி 2,008, அதில் சாகாதவை 10, இருநூற்றில் ஒன்று. மருந்துச் செலவு கால்வாசி, இறந்த புழு ஐந்தில் நான்கு பங்கு, எதிர்ப்புப் புழுவோ பெருங்கூட்டத்தில் கரைந்து நிற்கிறது. மருந்து படாத அந்த 2,000 புழுக்களும், புல்லில் காத்திருக்கும் நுண்புழுக்களும் நமக்கு எதிரி போலத் தோன்றினாலும், மருந்து நாளையும் வேலை செய்ய அவைதான் ஈடு.

இந்தக் கட்டுரையில் வரும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 1961-இல் தயாபெண்டசோல் விற்பனைக்கு வந்தது. 1964-இலேயே அமெரிக்காவில் அதற்குச் சாகாத ஹீமான்கஸ் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 1976-இல் செம்மறிகளில் இதே மருந்துக்கு எதிர்ப்பு பதிவாயிற்று. 1981-இல் வந்த ஐவர்மெக்டின் பல்லாண்டு தாங்கும் என்று எல்லோரும் எண்ணினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் அது தோற்கத் தொடங்கியது. 2009-இல் முற்றிலும் புதிய வகையாக மோனிபேண்டல் நியூசிலாந்தில் அறிமுகமானது. 2013-இல் அதே நாட்டின் ஓர் ஆட்டுப் பண்ணையில் அதற்கும் எதிர்ப்பு வந்த செய்தி வெளியாயிற்று. புது மருந்து வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது வீண் என்று நான் சொல்வதற்கு இந்த ஆண்டுகளே காரணம்.

இன்னொன்று: ஒரு பட்டியில் எதிர்ப்புத்திறன் ஊறிவிட்டால், அந்த மருந்தைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தாலும் அது பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை.

லேபிளில் எதைப் படிப்பது

கடையில் இருபது பெயரில் மருந்து இருந்தாலும் குடும்பங்கள் சிலவே. ஆல்பெண்டசோல், பென்பெண்டசோல், ஆக்ஸ்பெண்டசோல் மூன்றும் பென்சிமிடசோல் என்னும் ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் சாகாது. லெவாமிசோல், டெட்ராமிசோல், மொரான்டெல் இன்னொரு குடும்பம் போல நடந்துகொள்பவை. இவை புழுவின் தசையை இறுக்கி முடக்குகின்றன. ஐவர்மெக்டின், டோராமெக்டின், மாக்சிடெக்டின் மூன்றாவது. குளோசான்டெல், ரபாக்சனைடு ஆகியவை இரத்தம் குடிக்கும் புழுக்களையும் தட்டைப்புழுவையும் மட்டும் தாக்கும் குறுகிய வகை. ஆக, சென்ற முறை ஒரு நிறுவனத்தின் ஆல்பெண்டசோல், இம்முறை வேறொரு நிறுவனத்தின் பென்பெண்டசோல் என்று மாற்றியவர் உண்மையில் எதையும் மாற்றவில்லை. புட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அதன் விழுக்காட்டையும் படித்துப் பட்டிக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு பொந்து உண்டு. உண்ணிக்கும் சொறிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி வயிற்றுப் புழுவையும் தாக்குகிறது. ஊசியாகப் போட்ட மருந்து உடலில் மெல்ல மெல்லக் குறையும் நாள்களில், கொல்லப் போதாத அளவில் தங்கி, எதிர்ப்புப் புழுவுக்கு மட்டும் இடம் விடுகிறது. உண்ணிக்காக ஆண்டுக்கு மூன்று முறை மந்தை முழுவதற்கும் அந்த ஊசி போட்டவர், தாம் குடற்புழுவுக்கு ஐவர்மெக்டினே கொடுத்ததில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். உண்ணிக்கு மேலே தெளிக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றால் முடிவதை ஊசிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எடை, அளவு, ஊற்றும் கை

குறைந்த அளவு மருந்து எதிர்ப்பை வளர்க்கும் நேர்வழி. பென்சிமிடசோல் எதிர்ப்பு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற புழுவில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் பெற்ற அரைகுறைப் புழுவைச் சரியான அளவு மருந்து கொன்றுவிடும். குறைந்த அளவு அதைப் பிழைக்க விடும். பிழைத்த இரண்டு அரைகுறைகள் இணைந்தால் பிள்ளைகளில் கால்பங்கு முழு எதிர்ப்போடு பிறக்கும்.

கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தாம், ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் கறிக்கு வாங்கும் கணக்கு. பெரும்பாலும் குறைத்தே சொல்லும். 30 கிலோ செம்மறி ஒன்றை 20 கிலோ என்று மதித்ததாகக் கொள்வோம். ஆல்பெண்டசோல் கிலோவுக்கு 7.5 மி.கி. வீதம் 30 கிலோவுக்கு 225 மி.கி. வேண்டும், 2.5 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு மி.லி.-க்கு 25 மி.கி. இருப்பதால் அது 9 மி.லி. ஆனால் ஊற்றியது 6 மி.லி.; மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஒரு தொங்கு தராசும் சாக்கில் தைத்த தொட்டிலும் இருந்தால் இந்தத் தவறு நேராது. எல்லா ஆட்டையும் எடைபோட நேரமில்லையென்றால், வயது ஒத்த, ஒரே பாலினக் கூட்டத்தில் மிகக் கனமானதை எடைபோட்டு அதற்குரிய அளவையே அந்தக் கூட்டத்துக்குக் கொடுப்பது, சராசரி எடைக்குக் கொடுப்பதைவிட நல்லது. லெவாமிசோலிலும் குளோசான்டெலிலும் மட்டும் இந்தத் தாராளம் கூடாது: முன்னது மிகுந்தால் எச்சில் வடிந்து உடல் நடுங்கும், சாவும் வரும், பின்னது மிகுந்தால் பார்வை போகும்.

வெள்ளாட்டைச் செம்மறியாக நினைத்துவிடுவது இன்னொரு பெரும் பிழை. வெள்ளாட்டின் உடல் பெரும்பாலான குடற்புழு மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடுவதால், பென்சிமிடசோல் வகையில் செம்மறிக்கு ஆகும் அளவின் இருமடங்கும், லெவாமிசோலில் ஒன்றரை மடங்கும் தேவைப்படுகிறது. கொடியாடும் மேச்சேரிச் செம்மறியும் ஒரே பட்டியில் அடையும் வீடுகளில் ஒரே அளவை எல்லாவற்றுக்கும் ஊற்றும்போது வெள்ளாட்டின் வயிறுதான் எதிர்ப்புப் புழுவின் நாற்றங்காலாகிறது; அங்கே முளைத்தது செம்மறிக்கும் பரவும். துல்லியமான அளவைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; பாலையும் கறியையும் எத்தனை நாள் விலக்கி வைக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள். சினையின் முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது.

ஊற்றும் விதத்திலும் மருந்து வீணாகலாம். கரைசலில் மருந்து அடியில் படியும். ஒவ்வொரு சில ஆட்டுக்கும் ஒரு முறை புட்டியை நன்றாகக் குலுக்காவிட்டால் முதல் பத்து ஆடும் தண்ணீரைக் குடித்து, கடைசிப் பத்தும் சேற்றைக் குடிக்கும். மருந்தை வாயின் முன்பக்கத்தில் விட்டால் ஆடு அதைச் சப்பிக் குடிப்பதால் உணவுக்குழாயில் ஒரு மடிப்பு மூடிக்கொண்டு, மருந்து அசைபோடும் பெரிய வயிற்றில் தங்காமல் நேராகக் கீழே போய்விடக் கூடும். பென்சிமிடசோல் மருந்துகள் அந்தப் பெரிய வயிற்றில் தங்கி மெல்ல ஊறினால்தான் முழுப் பலன் தரும். எனவே சிரிஞ்சின் குழாய் முனையைக் கடைவாய் ஓரத்தில் நுழைத்து நாக்கின் பின்பக்கத்து மேட்டுக்கு மேல் விட வேண்டும். தலையை மட்டமாகப் பிடித்தால் போதும்; வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். முந்தின இரவு தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரை மட்டும் வைத்தால் குடல் மெதுவாக நகர்ந்து இந்த வகை மருந்து நெடுநேரம் நிற்கும். முற்றிய சினையாட்டையும் நலிந்த ஆட்டையும் பட்டினி போட வேண்டாம்.

இமையைப் பார்த்து மருந்து கொடுத்தல்

எந்த 25 ஆடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹீமான்கஸ் இரத்தம் குடிக்கும் புழு என்பதால் விடை கண்ணிலேயே இருக்கிறது. மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களில் ஃபாஃபா மலான் என்னும் கால்நடை மருத்துவரும் அவருடைய தோழர்களும், கீழிமையின் உட்சவ்வு நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்து ஓர் அட்டையில் அச்சிட்டார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகளோடு ‘சார்ட்’ (அட்டை) என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளையும் சேர்த்து அதற்கு ஃபமாச்சா என்று பெயர். முதல் படி நல்ல சிவப்பு. ஐந்தாம் படி வெள்ளைத்தாள் நிறம். இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு முதல் படியில் 28 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். ஐந்தாம் படியில் 12 விழுக்காடோ அதற்குக் கீழோ போயிருக்கும்.

பார்க்கும் முறை இது. ஆட்டைக் கால்களுக்கிடையே நிறுத்தித் தலையைத் தாங்கிப் பிடியுங்கள். ஒரு கட்டைவிரலால் மேலிமையை மூடி, மூடிய இமையின் மேலேயே விழியை மெல்ல உள்ளே அழுத்துங்கள். மற்றக் கட்டைவிரலால் கீழிமையைக் கீழே இழுத்தால் உட்சவ்வு தானே பிதுங்கி வரும். வெயிலில், உங்கள் நிழல் ஆட்டின் முகத்தில் விழாதபடி நின்று, அந்தச் சவ்வின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் சவ்வு சிவந்து ஏமாற்றும். இமையின் வெளி ஓரத்து நிறத்தையோ விழி வெண்மையையோ பார்க்காதீர்கள். இரண்டு கண்ணும் வேறுபட்டால் வெளிறியதையே கணக்கில் எடுங்கள். அட்டை இல்லாமல் நினைவிலிருந்து நிறம் சொல்வது எத்தனை அனுபவம் இருந்தாலும் தவறும். அட்டையே வெயிலில் வெளிறிவிடும் என்பதால் அதை உறையிலிட்டு வைத்து ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டும்.

நான்கும் ஐந்தும் என்றால் அன்றே மருந்து. ஒன்றும் இரண்டும் என்றால் மருந்து இல்லை. மூன்றுதான் யோசிக்க வேண்டிய இடம்: குட்டிகள், பால் கொடுக்கும் தாய்கள், வெள்ளாடுகள், மெலிந்தவை ஆகியவற்றுக்கு மூன்றிலேயே கொடுத்துவிடுவது நல்லது, கொழுத்த கிடாயாக இருந்தால் அடுத்த முறை வரை பொறுக்கலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அடைமழைக்குப் பின் வாரந்தோறும், கோடையில் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். பழகிய கை ஒரு மணி நேரத்தில் நூறு ஆட்டுக்கு மேல் பார்த்துவிடும். தாடை வீக்கம் இருக்கும் ஆட்டுக்கு இமை எப்படி இருந்தாலும் மருந்து கொடுங்கள். ஈரல் தட்டைப்புழு, உண்ணியால் பரவும் இரத்த நோய், மிகுந்த உண்ணிக்கடி ஆகியவற்றாலும் இமை வெளிறும். எனவே மருந்துக்குப் பின்னும் நிறம் தேறாத ஆட்டை மருத்துவரிடம் காட்டாமல் இரண்டாம் முறை அதே மருந்தை ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

மருந்து கொடுத்த ஆட்டின் காதுவில்லை எண்ணை ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பட்டியின் கதை உங்கள் முன் இருக்கும். மூன்று முறைக்கு மேல் மருந்து கேட்ட ஆடுகள் திரும்பத் திரும்ப அதே சிலவாகத்தான் இருக்கும். அவற்றைக் கறிக்கு விற்றுவிடுங்கள். அவற்றின் கிடாக்குட்டியை எந்தக் காரணத்துக்காகவும் பொலிகிடாயாக விடாதீர்கள். புழுவைத் தாங்கும் தன்மை மரபில் இறங்குகிறது. வங்காளத்தின் காரோல் செம்மறியும் கென்யாவின் சிவப்பு மாசாய் செம்மறியும் இதற்குப் பெயர் பெற்றவை. உள்ளூர் இனங்களை விட்டுவிட்டு உடல் பெருத்த கிடாயைத் தேடி ஓடுபவர்கள் இதையும் விலையோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பருவத்தில் கொடுப்பது

மழை வருமுன் பட்டி முழுவதற்கும் ஒரு முறை ஊற்றிவிடுங்கள் என்ற அறிவுரை ஊரெங்கும் உண்டு. கேட்க நியாயமாகத் தோன்றினாலும் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் புல்லில் இருந்த நுண்புழுக்கள் காய்ந்து செத்துவிடுகின்றன; அந்தச் சமயத்தில் ஊரின் புழுக்கள் முழுவதும் ஆட்டின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. அப்போது எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால், மழை வந்ததும் நிலத்தில் முதலில் விழும் முட்டைகள் மருந்துக்குத் தப்பிய புழுக்களுடையவை மட்டுமே. அவற்றோடு கலக்க வேறு புழு இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மறி வளர்ப்பாளர்கள் வறண்ட கோடையில் மந்தை முழுவதற்கும் மருந்து கொடுக்கும் முறையைப் பரவலாகக் கையாண்டார்கள். புழுத்தொல்லை குறைந்தது, ஆனால் எதிர்ப்புத்திறன் மிக வேகமாக ஏறியது. ஆகவே கோடைக் கடைசியில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இமை சிவந்து திடமாக இருக்கும் ஆடுகளை, குறைந்தது பத்தில் ஒன்றிரண்டையாவது, மருந்து கொடுக்காமல் விடுங்கள்.

மருந்து ஊற்றிய அன்றே மந்தையைப் புதிய, சுத்தமான மேய்ச்சலுக்கு மாற்றுவதும் இதே கண்ணிதான். முதலில் மாற்றிவிட்டு, சில நாள் கழித்து வேண்டிய ஆட்டுக்கு மட்டும் கொடுப்பது மேல்.

மருந்து இன்னும் வேலை செய்கிறதா

இதை ஊகத்தில் விடாமல் அளந்து பார்க்கலாம். இரண்டு மாதமாக மருந்து படாத 10 முதல் 15 ஆடுகளைத் தேர்ந்தெடுங்கள். இளம் ஆடுகளானால் நல்லது. ஒவ்வொன்றின் ஆசனவாயிலிருந்தும் நேரடியாகப் பத்துப் பதினைந்து புழுக்கை எடுத்து, தனித்தனிப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, காது எண்ணை எழுதுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்கக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும்; வெப்பத்தில் முட்டை பொரித்துவிட்டால் எண்ணிக்கை பொய்யாகும். அந்த ஆடுகளை எடைபோட்டு மருந்து கொடுத்து, 14-ஆம் நாள் அதே ஆடுகளிடமிருந்து மீண்டும் எடுங்கள். உப்பைக் கரைந்த மட்டும் கரைத்த நீரில் புழுக்கையைக் கலக்கினால் முட்டைகள் மேலே மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடி அறையில் விட்டு அவற்றை எண்ணி, ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். முன்பு சராசரி 1,200, பின்பு 300 என்றால் 75 விழுக்காடு மட்டுமே குறைந்திருக்கிறது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நல்ல மருந்து 95 விழுக்காட்டுக்கு மேல் குறைக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால், அளவும் ஊற்றிய முறையும் சரியாக இருந்த பட்சத்தில், எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரே சமயத்தில் இன்னொரு கூட்டத்துக்கு வேறு குடும்ப மருந்தைக் கொடுத்துச் சோதித்தால் அடுத்து எதை நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகளையும், சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளையும் இதற்கு அணுகலாம். முன்கூட்டியே பேசிவிட்டுச் செல்வது நல்லது. இத்தனையும் முடியாதவர், மருந்து கொடுத்த 14-ஆம் நாள் பத்து ஆட்டின் புழுக்கையை மட்டுமாவது காட்டி முட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். ஏறக்குறைய ஒன்றும் இருக்கக் கூடாது.

ஒரு குடும்பம் முழுவதும் தோற்றுவிட்டது என்று தெரிந்தால் அதன் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பது பயனற்றது. பாதி தோற்ற நிலையிலும், வேறு குடும்ப மருந்தோடு சேர்த்து அதே நாளில் இரண்டையும் முழு அளவில் கொடுக்கும் முறை உண்டு. ஒன்றுக்குத் தப்பும் புழு ஆயிரத்தில் ஒன்று, மற்றதற்கும் ஆயிரத்தில் ஒன்று என்றால், இரண்டுக்கும் தப்புவது பத்து லட்சத்தில் ஒன்று. இந்தக் கணக்கு இரண்டு மருந்தும் திடமாக இருக்கும்போதுதான் பலிக்கும். இரண்டையும் ஒரே புட்டியில் நீங்களாகக் கலக்காதீர்கள். தனித்தனியாக, மருத்துவர் சொன்னபடி கொடுங்கள்.

சந்தையில் வாங்கிய ஆடு

எட்டயபுரம் சந்தையிலோ அய்யலூர் சந்தையிலோ வாங்கும் ஆட்டோடு அது பிறந்த பட்டியின் புழுவும் இலவசமாக வருகிறது. அந்தப் பட்டிக்காரர் எந்த மருந்தை எப்படிக் கெடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. எனவே வந்த அன்று, இரண்டு வெவ்வேறு குடும்ப மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்து, தனிக் கொட்டிலில் உலர்தீவனத்தோடு அடைத்து வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளின் புழுக்கையைக் கூட்டி எருக்குழியில் போட்டு மூட வேண்டும். மேய்ச்சல் பக்கமோ தீவனப்புல் பாத்தியிலோ வீசக் கூடாது. இரண்டு வாரம் கழித்துப் புழுக்கையில் முட்டை இல்லை என்று பார்த்த பின், உங்கள் மந்தை ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருக்கும் நிலத்தில் விடுங்கள். தப்பித்த ஒன்றிரண்டு புழு இருந்தாலும் அங்கே உள்ள கூட்டத்தில் கரைந்துவிடும். ஆட்டம்மை போன்ற மற்ற நோய்களுக்காகவும் இந்தத் தனிமை தேவைப்படுவதால் இதில் கூடுதல் சிரமம் ஒன்றுமில்லை.

மருந்தின் வேலையைக் குறைக்கும் மேய்ச்சல்

இந்தியாவில் மருந்து எதிர்ப்பு முதலில் தலைகாட்டியதும் அதிகமாகக் காணப்படுவதும் வேலி போட்ட, ஒழுங்கான பண்ணைகளில்தான். ஊர் ஊராகப் போகும் மந்தைகளில் குறைவு. காரணம் எளிது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுத்த வயலில் சில நாள் கிடை போட்டு, புழுக்கையிலுள்ள முட்டை பொரித்துத் தொற்றும் பருவம் அடைவதற்குள் அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். விட்டுச் சென்ற இடத்தை ஏர் புரட்டிவிடுகிறது. வேலிக்குள் தண்ணீர் பாய்ச்சிய புல்லில் அதே ஆடுகளை ஆண்டு முழுதும் மேய்ப்பவருக்கோ புழு ஓயாது, மருந்தும் ஓயாது.

பனி காய்ந்த பிறகு மந்தையை ஓட்டுவது பெரியவர்கள் சொன்ன வழக்கம்; நுண்புழு நீர்ப்படலத்தில்தான் ஏறும், புல்லின் அடியிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள்தான் பெரும்பாலும் நிற்கும் என்பதால் அது முழுக்கப் பொருத்தமானது. புல்லை ஒட்ட மேயவிடாமல் மந்தையை நகர்த்துவதும், ஏரி உள்வாயின் ஈரப்புல்லைத் தவிர்ப்பதும், வெள்ளாட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவதும் இதே காரணத்தால் பயன் தருகின்றன. கருவேலங்காய் போன்று துவர்ப்புச் சத்து மிகுந்த தீவனம் புழுவின் முட்டையிடலை ஓரளவு குறைக்கும். அது துணை மட்டுமே. வெளிறிய ஆட்டுக்கு மருந்தின் இடத்தில் அதைக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. புண்ணாக்கும் தானியமும் கொடுத்துப் புரதம் குறையாமல் பார்த்துக்கொண்டால், குறிப்பாக ஈனுவதற்கு முன்னும் பின்னும், ஆடு அதே புழுச்சுமையைத் திடமாகத் தாங்கும்.

பரண் மேல் ஆடு வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஆடு தன் புழுக்கையைத் தொடாமல், வெட்டிப் போட்ட தீவனத்தை மட்டும் தின்று வளரும்போது ஹீமான்கஸுக்கு உள்ளே வர வழியே மிகக் குறைவு. அப்படிப்பட்ட கொட்டிலிலும் மாதம் ஒரு முறை நாள்காட்டி பார்த்து மருந்து ஊற்றும் பண்ணைகள் இருக்கின்றன. பரணுக்கு அடியில் அள்ளிய பச்சைப் புழுக்கையை நேராகப் புல் பாத்திக்குப் போடாமல், குவித்துச் சூடேறி மக்க வைத்துப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை புழுக்கையைச் சோதித்துப் பார்த்து, முட்டை கண்ட ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால் அங்கே ஆண்டுக்கு ஒரு புட்டி மருந்தே மீந்துவிடும்.